இஞ்சி இல்லாத ஜிஞ்சர்லி

‘ஜிஞ்சர்லி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பள்ளியில் படிக்கும்போதே எங்கேயோ பார்த்திருக்கிறேன். அகராதியைப் புரட்டவில்லை. எதற்குப் புரட்ட வேண்டும்? ஜிஞ்சர் என்றால் இஞ்சி. இஞ்சி தின்ற குரங்கு எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். ஆக, ஒருவன் ஒரு பொருளை ஜிஞ்சர்லியாக எடுத்தான் என்றால் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு எடுத்தான் என்று அர்த்தம். முடிந்தது கதை.

அந்த அர்த்தம் இருபது வருடம் என் மண்டைக்குள் பத்திரமாக இருந்தது. இரண்டு வருடம் முன்பு சிறுவர் கதை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை வந்தது. மரத்திலிருந்து விழுந்த பறவைக் கூட்டை ஒரு பையன் எடுக்கிறான். உள்ளே மூன்று முட்டைகள். எடுக்கிறான், அதுவும் ஜிஞ்சர்லியாக. நான் கொஞ்சமும் தயங்காமல் ‘முகத்தைச் சுளித்தபடி கூட்டை எடுத்தான்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பதிப்பகத்திலிருந்து அந்தப் பெண் போன் செய்தார். “சார், பையனுக்கு அந்தக் கூட்டைப் பிடிக்கலையா?”

“ஏன்மா?”

“முன் பக்கத்துல பறவைக்காக அழுறான். இங்க முகம் சுளிக்கிறானே.”

அப்போதுதான் அகராதியைத் திறந்தேன். மிகுந்த கவனத்தோடு, எங்கே உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு, பட்டும் படாமலும் ஒன்றைச் செய்வது. முகச் சுளிப்பு எங்குமே இல்லை. இப்போதைக்கு ‘மிகக் கவனமாக’ என்று போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சொல்லைப் பார்த்தவுடன் புரிந்துவிட்டதாகத் தோன்றினால்தான் அகராதியைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அன்றைக்கு வந்தது. புரியாத சொல்லை எப்படியும் பார்த்துவிடுவோம். புரிந்ததாக நினைக்கிற சொல்தான் காலை வாரிவிடும்.

இது முதல் தவறு. இரண்டாவது தவறைச் சபையில் செய்தேன்.

பாளையங்கோட்டையில் நாங்கள் பத்து நாற்பது பேர் மாதம் ஒரு முறை கூடுவோம். வாசகர் வட்டம் என்று பெயர். பாதி நேரம் டீயும் வடையும். ‘தமிழிலிருந்து கடல் தாண்டிய சொற்கள்’ என்று என்னைப் பேசச் சொன்னார்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு இஞ்சிக்கு வந்தேன். இஞ்சி விஷயத்தில் நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. இஞ்சிவேர் என்பதுதான் மூலம். பாலியில் அது ‘சிங்கிவேர’. சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேர’, கொம்பு போல வளைந்திருப்பதால் இந்தப் பெயர் என்று பிற்பாடு ஒரு விளக்கமும் ஒட்டிக்கொண்டது. முன்னால் இருக்கும் சகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சிறகு–இறகு, சிப்பி–இப்பி என்று தமிழில் சொல் முதலில் சகரம் உதிர்ந்த இணைகள் உண்டு. இஞ்சியும் ஒரு காலத்தில் சகரத்தோடு இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சொல் கிரேக்கத்துக்குப் போய் ‘ஜிங்கிபெரிஸ்’ ஆனது, லத்தீனில் ‘ஜிங்கிபெரி’. ரோமானியர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் இதைக் குறித்து வைத்திருக்கிறார்: மிளகு மரத்தின் வேர்தான் இது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தப்பு, விலை ராத்தலுக்கு 6 தினாரி, சீக்கிரம் பூச்சி அரித்துவிடும். இவ்வளவு சொன்ன மனிதர், அது விளையும் இடம் அரேபியா என்று எழுதிவிட்டார். சரக்கு அரபு வணிகர் கைவழியாக வந்தால் அப்படித்தான் தோன்றும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். சபை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் சூடு ஏறிவிட்டது. “அதுமட்டுமா? ஆங்கிலத்தில் ஒரு வினையடை உண்டு, ஜிஞ்சர்லி. அதுவும் நம்ம இஞ்சியின் பிள்ளைதான்!” என்று போட்டேன். நல்ல கைதட்டல்.

நன்றியுரை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் இருந்த பெரியவர் கிட்டே வந்தார். எண்பதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பாதிரியார். நாங்கள் எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். மெதுவாகக் கேட்டார்: “இஞ்சின்னா சுள்ளுன்னு இருக்கும்லா தம்பி? அதுல இருந்து பதுங்கிப் பதுங்கிப் போற வார்த்தை எப்படி வந்துச்சு?”

டீ தொண்டையில் நின்றது. நியாயமான கேள்வி. ஆங்கிலத்திலும் இஞ்சி என்றால் உசுப்பேற்றுவதுதான். சோம்பிக் கிடப்பதை முடுக்கிவிடுவதற்கு ‘ஜிஞ்சர் அப்’ என்பார்கள். அங்கே பழைய குதிரைத் தரகர்கள் கிழட்டுக் குதிரையை வால் தூக்கித் துள்ள வைக்க இஞ்சியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வைத்த இடத்தை இங்கே எழுத வேண்டாம். அப்படிப்பட்ட இஞ்சியிலிருந்து முட்டைக் கூட்டைத் தொட்டும் தொடாமலும் எடுக்கிற பதம் எப்படிப் பிறக்கும்?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முதலில் நான் தேடியது முற்றிலும் தப்பான திசை. ஜிஞ்சருக்கும் மென்மைக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று தேடினேன். அதாவது, சொன்னதைக் காப்பாற்ற ஆதாரம் தேடினேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதில் போனது. பிறகுதான் ஒழுங்காக ஆரம்பித்தேன்: இந்தச் சொல் முதன்முதலில் எப்போது, என்ன பொருளில் எழுத்தில் வருகிறது?

ஆண்டு 1519. ஓர் ஆங்கில நாடகத்தில் வருகிறது. பொருள் ‘கவனமாக’ என்பது அல்ல. நடனம்! நளினமாக, ஒயிலாக அடி எடுத்து வைத்து ஆடுவதைச் சொல்ல வந்த சொல். அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆடுவதோடும் நடப்பதோடும்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. எச்சரிக்கை, பயம் என்ற பொருள் 1600-ஐ ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. ஒயிலாக நடப்பவர் அடியைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார்; பார்த்துப் பார்த்து வைக்கிறவர் எதையோ கண்டு பயப்படுவது போல இருக்கிறார்; நடையிலிருந்து கைக்கும் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் வெரோனா நகரத்து இரண்டு கனவான்கள் பற்றிய நாடகத்தில் ஜூலியா தன் தோழியிடம், அவ்வளவு ஜிஞ்சர்லியாகக் கீழேயிருந்து எதை எடுத்தாய் என்று கேட்கிறாள். தோழி எடுத்தது ஒரு காதல் கடிதம். அங்கே சொல் காலைவிட்டுக் கைக்கு ஏறிவிட்டது.

இஞ்சி என்னும் ஜிஞ்சரோ ஆயிரமாம் ஆண்டுக்கு முன்பே ஆங்கிலத்தில் மருந்துச் சரக்காக உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நூற்றாண்டு கழித்து அது திடீரென்று நடனமாட எந்தக் காரணமும் இல்லை.

இந்த ஒரு தகவலில் என் இஞ்சிக் கட்டடம் சரிந்தது. ஒரு சொல்லின் மூலத்தைத் தேடுகிறவர்கள் இன்றைய பொருளை வைத்துக்கொண்டு தேடினால் என்னைப் போலத்தான் சுற்றுவார்கள். பழைய பொருள் கிடைத்துவிட்டால் கேள்வியே மாறிவிடும். ‘எச்சரிக்கைக்கும் இஞ்சிக்கும் என்ன உறவு’ என்று கேட்டுக்கொண்டிருந்தவன், ‘நளினம் என்ற பொருளில் இதே ஒலியுள்ள சொல் பக்கத்து மொழியில் உண்டா’ என்று கேட்கத் தொடங்கினேன். பக்கத்து மொழி என்றால் பிரெஞ்சு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, நீதிமன்றம், விருந்து, நாகரிகம் எல்லாவற்றுக்கும் சொற்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தன. ஆங்கிலச் சொல்லிலிருந்து நேராக லத்தீனுக்குத் தாவுகிறவர்கள் இந்த நடு ஸ்டேஷனைக் கோட்டை விட்டுவிடுவார்கள்.

அங்கே இருந்தது. பழைய பிரெஞ்சில் ‘ஜென்ட்’ என்ற சொல். எழுத்தில் கடைசியில் ஒரு டகரம் உண்டு, அந்தக் காலத்தில் அதையும் உச்சரித்திருப்பார்கள். நல்ல குடியில் பிறந்த, அழகான, நளினமான என்று பொருள். அதன் ஒப்புநிலை வடிவம் ‘ஜென்சோர்’: இன்னும் நளினமான. இந்த ஜென்சோரோடு ஆங்கில வால் சேர்ந்ததுதான் ஜிஞ்சர்லி என்பது அகராதிகள் சொல்லும் ஊகம்.

ஊகம் வரைக்கும் வந்துவிட்டேன், ஆனால் லத்தீன் எனக்குத் தெரியாது. கேள்வி கேட்டவரிடமே போனேன். சாமி குருமடத்தில் படித்தது 1960-களின் தொடக்கத்தில். கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்த காலம். அதன் பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. அதுவரை எல்லாம் லத்தீன். அறையில் அட்டை பிரிந்த ஒரு லத்தீன் அகராதி இருந்தது. நான் கொண்டுபோன தாளைப் பார்த்தார், அகராதியை எடுக்கவே இல்லை. விசுவாசப் பிரமாணத்தைச் சின்னக் குரலில் பாட ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி விரலை உயர்த்தினார்: “ஜெனிதும், நோன் ஃபாக்தும்.”

பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர். கிறிஸ்துவைப் பற்றிய வரி. அந்த ‘ஜெனிதும்’தான் நான் தேடி வந்தது. ‘ஜெனிதுஸ்’ என்றால் பிறந்த. அது வாயில் தேய்ந்து தேய்ந்து பிரெஞ்சில் ‘ஜென்ட்’ ஆனபோது வெறும் பிறப்பு நல்ல பிறப்பாகிவிட்டது. நல்ல குடியில் பிறந்தவன், ஆகவே நல்ல நடத்தை உள்ளவன், ஆகவே பார்க்க இதமானவன், ஆகவே மென்மையாக நடப்பவன். பக்கத்து வீட்டுச் சொல் ஜென்டிலும் இதே பாதையில்தான் போனது. அது ‘ஜென்ஸ்’, அதாவது குலம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘ஜென்டிலிஸ்’. முதலில் குலத்தைச் சேர்ந்த, பிறகு உயர்குல, கடைசியில் சாது. ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தில் தலைப்பில் ‘ஜென்டில்மென்’ என்று கனவானாக நிற்பதும் உள்ளே தோழியின் விரலில் நடுங்குவதும் ஒரே வேரின் பிள்ளைகள்.

பிறப்புக்கும் நடத்தைக்கும் இப்படி முடிச்சுப் போடுவது அவர்களோடு நிற்கவில்லை. ‘இற்பிறந்தார் கண்அல்லது இல்லை இயல்பாகச் செப்பமும் நாணும் ஒருங்கு’ என்று குடிமை அதிகாரத்தின் முதல் குறளே சொல்கிறது. ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்று சொன்னவரும் அவர்தான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் சொற்கள் நமக்குப் பிடித்தபடி வளர்வதில்லை. எந்தக் காலத்து மேட்டிமையும் அதில் படிந்துவிடும்.

“சரி சாமி, ‘சோர்’ எப்படி வந்தது?” என்றேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. லத்தீனில் ஒன்றைவிட இன்னொன்று கூடுதல் என்று சொல்ல ‘இயோர்’ என்ற விகுதி சேர்ப்பார்கள். சீனியர், ஜூனியர், மேஜர், மைனர் எல்லாம் அந்த விகுதிதான். முதியவன் ‘செனெக்ஸ்’, இன்னும் மூத்தவன் ‘செனியோர்’. பிரெஞ்சு இந்த முறையை ஏறக்குறைய கைவிட்டுவிட்டு ‘அதிக’ என்ற தனிச் சொல்லை முன்னால் போடத் தொடங்கியது. பழைய பிரெஞ்சில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதில் ஒன்று ஜென்சோர். ஆக, ஜிஞ்சர்லியின் நடுவில் இருக்கிற அந்த ‘அர்’ ஒலி, சீனியரின் ‘அர்’ போலவே, தேய்ந்துபோன லத்தீன் ஒப்புநிலை.

பேசிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீ எல்லாரையும் சார் சார்ங்கியே, அது என்னதுன்னு நெனச்ச?” செனியோர் பேச்சில் சுருங்கி பிரெஞ்சில் ‘சீர்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘சர்’ ஆகி, நம் ஊரில் பஸ் கண்டக்டர் முதல் பேங்க் மேனேஜர் வரை ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க நாம் ஒருவரையொருவர் லத்தீனில் ‘மூத்தவரே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் இருக்கும் ‘லி’ மட்டும் லத்தீன் அல்ல. அது பழைய ஆங்கிலத்தின் ‘லீச்’. உடல், உருவம் என்று பொருள். இன்ன உருவில் என்பதுபோல. பிரெஞ்சுக்காரர்கள் வினையடைக்குச் சேர்ப்பது ‘மான்’ என்ற விகுதி, அது லத்தீன் ‘மெந்தே’, மனத்தோடு. ஒருவர் உடலைச் சேர்க்கிறார், இன்னொருவர் மனத்தைச் சேர்க்கிறார், நாம் ஆகு என்ற வினையிலிருந்து வந்த ‘ஆக’வைச் சேர்க்கிறோம். ஒரு வினையடையைப் பிரிக்க உட்கார்ந்தால் முதலில் இந்த வாலைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். நான் அதைச் செய்தேன், ஆனால் கழற்றியதும் மீதி நின்றது ‘ஜிஞ்சர்’ என்பதைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

கிளம்பும்போது சாமி என் தாளில் ஓரிடத்தைத் தட்டினார். அகராதியிலிருந்து நான் எழுதி எடுத்து வந்த வரி. “இங்க ‘பெர்ஹாப்ஸ்’னு போட்டிருக்கான் பாரு. அதைப் பேசும்போது முழுங்கிராத.” எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் பேச்சுக்கான குறிப்பில் அதை ஏற்கெனவே விட்டுவிட்டேன். ஜென்சோர் வழி என்பது பலர் ஏற்கும் விளக்கம். முடிந்த முடிவு அல்ல. 19-ஆம் நூற்றாண்டு அகராதி ஒன்றைப் புரட்டினால் இதே சொல்லுக்கு ஸ்காண்டிநேவிய மூலம் சொல்லியிருக்கிறது, தள்ளாடி மெதுவாக நடப்பதைக் குறிக்கும் வட்டாரச் சொல்லோடு இணைத்து. அதனால் இப்போதெல்லாம் என் நோட்டில் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அகராதியின் ‘இருக்கலாம்’, ‘ஒருவேளை’ எல்லாவற்றையும் சிவப்பு மையில் எழுதுகிறேன். கறுப்பில் எழுதினால் படியெடுக்கும்போது காணாமல் போகிறது. (அந்த ‘பெர்ஹாப்ஸ்’ஸே ஒரு வேடிக்கை. முன்பாதி லத்தீன் ‘பெர்’, பின்பாதி பழைய நார்ஸ் மொழியில் அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் சொல். சந்தேகத்துக்கான சொல்லிலேயே இரண்டு குடும்பங்கள்.)

அடுத்த மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, போன தடவை சொன்னது தவறு என்று சொன்னேன். கைதட்டல் இல்லை. ஒருவர், “என்ன சார், கிடைச்ச சொல்லையும் விட்டுக்கொடுத்துட்டீங்களே?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். இஞ்சி நம்முடையதுதான், அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொன்னேன். அப்புறம் அவருக்காக ஒன்று சேர்த்துக்கொண்டேன். ஜெனிதுஸின் வேர் லத்தீனுக்கும் முந்தியது. பிறப்பு என்ற பொருளில் அதே வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் ஜன, ஜாதி, ஜன்மம் என்றெல்லாம் வந்தன. தமிழில் அவை சனம், சாதி, சென்மம். கல்யாண வீட்டில் ‘சாதிசனம் எல்லாம் வந்தாச்சா’ என்று கேட்கிறோமே, அதில் இரண்டு பாதியும் ஜிஞ்சர்லிக்குத் தூரத்துச் சொந்தம். இரவல் வழிதான், ஆனால் சொந்தம். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இந்தத் தேடல் எல்லாம் நடந்தபோது அந்தச் சிறுவர் கதை பதிப்பகத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது. திருத்தப்படி வந்ததும் ‘மிகக் கவனமாக’ என்பது உறுத்தியது. அது பரீட்சை எழுதுகிறவனுக்கு. முட்டைக் கூட்டை எடுக்கிற விரல்களுக்கு அல்ல. ‘நாசூக்காக’ என்று போட்டுப் பார்த்தேன். வரலாற்றுப்படி அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது: பாரசீகத்தில் ‘நாஜுக்’ என்றால் மென்மையான, நளினமான, தமிழுக்கு வந்து பக்குவமாக, பிறர் மனம் நோகாமல் நடந்துகொள்வதைக் குறிக்கிறது. ஜிஞ்சர்லி போன அதே பாதை. ஆனால் எட்டு வயதுப் பையன் கூட்டை நாசூக்காக எடுப்பானா? மாமியார் பேச்சை வேண்டுமானால் நாசூக்காகத் தட்டிக் கழிக்கலாம். சொல்லின் ஜாதகம் பொருந்துவதும் வாக்கியத்தில் சொல் பொருந்துவதும் வேறு வேறு என்று அப்போது புரிந்தது.

கடைசியில் அம்மா வாயிலிருந்து கிடைத்தது. மாடியிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கிக்கொண்டிருந்தேன். “பையல, பைய!” என்று கீழிருந்து சத்தம் போட்டாள். பைய. திருநெல்வேலிக்காரர்கள் தினமும் சொல்கிற சொல், ‘பசையினள் பைய நகும்’ என்று குறளிலும் இருக்கிற சொல். மெதுவாக, மென்மையாக, எதுவும் சிந்தாமல், எல்லாம் அதில் அடங்கும். ‘கூட்டைப் பைய எடுத்தான்’ என்று திருத்தி அனுப்பினேன்.

புத்தகம் வந்தது. நல்ல தாள், நல்ல படங்கள். பதினோராம் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். சென்னையில் யாரோ ஒரு மெய்ப்புத் திருத்துநர், ‘பைய’ என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்திருக்கிறார். ‘பையன் கூட்டைப் பையில் எடுத்தான்’ என்று அச்சாகியிருந்தது.

போன் செய்து சத்தம் போடலாம் என்று எண்ணைத் தேடினேன். இஞ்சி ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.